மேடைக் குறத்தியும் பட்டியல் குறவரும்: குற்றாலக் குறவஞ்சியின் சென்னை மேடையாக்கத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சி 1944இல் அடையாறு கலாக்ஷேத்திராவில் நாட்டிய நாடகமாக உருப்பெற்றது. அவ்வாண்டில் சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரையினர் சட்டம் நடைமுறையில் இருந்தது. குறவர் சமூகத்தின் பல பிரிவுகள் அச்சட்டத்தின் கண்காணிப்புக்குள் வைக்கப்பட்டிருந்தன. மேடையில் போற்றப்பட்ட குறத்திக்கும் சட்டத்தில் ஐயத்திற்குரியவளாக்கப்பட்ட குறத்திக்கும் இடையிலான தொலைவை இக்கட்டுரை ஆராய்கிறது. குறவஞ்சி இலக்கியம், சதிர் மரபு, அடையாற்று மேடை என்னும் மூன்று நிலைகளில் குறத்தி உருவம் கைமாறிய வரலாறு பகுக்கப்படுகிறது. குடியேற்றக் காலனியம் பற்றிய கோட்பாடு தமிழ்ச் சூழலுக்கு எவ்வளவு பொருந்தும் என்பது மதிப்பிடப்படுகிறது. மண்ணின் மக்களுடைய கலையுரிமை குறித்து நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் எடுக்கப்பட்ட சட்ட முடிவுகள் ஒப்புநோக்கப்பட்டு, தடைக்கு மாற்றாக ஒப்புகை உரிமை முன்வைக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: குறவஞ்சி, குறவர், சதிர், பரதநாட்டியம், கலாக்ஷேத்திரா, குற்றப் பரம்பரையினர் சட்டம், கலையுரிமை, ஒப்புகை

முன்னுரை

தமிழ்ச் சிற்றிலக்கியங்களுள் மேடையோடு மிக நெருங்கிய தொடர்புடையது குறவஞ்சி. உலா வரும் தலைவனைக் கண்டு தலைவி காதல் கொள்வதும், மலையிலிருந்து வரும் குறத்தி குறிசொல்லி அவளுக்கு நம்பிக்கை தருவதும், பரிசு பெற்ற குறத்தியைத் தேடிக் குறவன் வருவதும் இவ்விலக்கியத்தின் கதைப்போக்கு. பாட்டுடைத் தலைவன் கடவுளாகவோ மன்னனாகவோ அமைகிறான். எனினும் நூலுக்குப் பெயர் தருபவள் குறத்தியே. நூலின் பிற்பகுதி முழுவதையும் தாங்கி நிற்பவளும் அவளே.

குறவஞ்சி பற்றிய தமிழ் ஆய்வுகள் பெரும்பாலும் இலக்கிய அமைப்பு, யாப்பு, நாட்டார் கூறுகள், மலைவளம் ஆகியவற்றை விரிவாகப் பேசியுள்ளன. பரதநாட்டிய வரலாறு பற்றிய ஆய்வுகளோ, சதிர் ஆடிய குலத்தினரிடமிருந்து அக்கலை மேல்தட்டு வகுப்பினர் கைக்கு மாறியதை மையப்படுத்தியுள்ளன. இவ்விரு ஆய்வுப் போக்குகளும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. சதிர் மரபின் ஆடற்பெண்டிரும், அவர்களுக்குப் பின்வந்த சென்னை நாட்டியக் கலைஞர்களும் ஆடிக் காட்டிய குறத்தி, உயிரோடு வாழும் ஒரு சமூகத்தின் பெயரைத் தாங்கியவள். அச்சமூகத்திற்கு இம்மேடையில் என்ன இடம் இருந்தது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. அவ்வினாவே இக்கட்டுரையின் களம்.

1. நூலில் குறத்தி: உரிமையும் ஊதியமும்

குறிசொல்லும் பெண் தமிழிலக்கியத்திற்குப் புதியவள் அல்லள். குறுந்தொகையின் 23ஆம் பாடலில் அகவன்மகள் இடம்பெறுகிறாள். கட்டுவிச்சியும் கொடிச்சியும் குறிஞ்சித்திணையில் வாழ்கின்றனர். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மீனாட்சியம்மை குறம் பாடினார். சங்கக் குறவரும் இன்றைய குறவர் பிரிவினரும் ஒரே தொடர்ச்சியினர் என்று நிறுவுவது எளிதன்று. அதனை ஏற்பதும் மறுப்பதும் இக்கட்டுரையின் நோக்கமும் அன்று. இலக்கியம், மேடை, அரசு ஆகிய மூன்றும் ஒரே பெயரைக் கையாண்டன என்பதே இங்குக் கருதத்தக்கது.

18ஆம் நூற்றாண்டில் மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சி, இவ்வகை நூல்களுள் தலைசிறந்தது என மதிக்கப்படுகிறது. மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் இந்நூலுக்காகக் கவிராயருக்கு நிலம் அளித்தார். அந்நிலம் குறவஞ்சிமேடு என்று வழங்கப்பட்டது. குறத்தியைப் பாடியவருக்கு நிலம் கிடைத்தது. நிலத்தின் பெயரிலும் குறத்தி நின்றாள். பாடப்பட்டவர்களுக்கும் அந்நிலத்திற்கும் தொடர்பேதும் இருக்கவில்லை. குறத்தி உருவத்தால் விளைந்த பயன் யாருக்குச் சென்றது என்பதற்கு இது முதற்சான்று.

நூலினுள் குறத்தியின் நிலை வேறு. சிங்கி தன் மலையை அறிமுகப்படுத்தும்போது தன்மைப் பன்மையில் அதனைத் தம்முடையதாக உரைக்கிறாள். மலையின் அருவி, விலங்கு, மரம், தேன் ஆகியவற்றை அவள் அடுக்குவது வெறும் வருணனை என்று கொள்ளப்படுவதுண்டு. ஆயின், அவ்வடுக்கு ஒரு வாழிடத்தின் பயன்பாட்டு அறிவும் ஆகும். எது எங்கே கிடைக்கும், எவ்விலங்கு எங்கே உலவும் என்று அறிந்தவளின் கூற்று அது.

நூலின் இறுதிப்பகுதியில் சிங்கன் சிங்கியைக் கண்டு, அவள் உடலில் உள்ள அணிகள் ஒவ்வொன்றையும் சுட்டி வினவுகிறான். அணிகலன்களை அறியாதவனாக அவற்றை வேறு பொருள்களாக எண்ணி அவன் கேட்பது நகைச்சுவை. சிங்கியோ ஒவ்வோர் அணியின் பெயரையும் கூறி, எந்த நாட்டில் குறிசொல்லி அதனைப் பெற்றாள் என்றும் விடையிறுக்கிறாள். இப்பகுதி மேடையில் சிரிப்பூட்டும் உரையாடலாகவே பயிலப்பட்டு வருகிறது. உற்றுநோக்கின், அவ்விடைகள் ஒரு நாடோடித் தொழிலாளியின் ஊதியக் கணக்காக அமைகின்றன. எங்கெங்குச் சென்றாள், என்ன தொழில் செய்தாள், என்ன கூலி பெற்றாள் என்பன அனைத்தும் அதில் பதிவாகியுள்ளன. அலைந்து திரிதல் இங்குக் குற்றமன்று, தொழிலின் இயல்பு. அவள் அணிந்த நகை ஐயத்திற்குரிய பொருளன்று, உழைப்பின் பயன்.

2. சட்டத்தில் குறவர்: அலைதல் குற்றமான வரலாறு

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி குற்றாலத்தில் நறுமணப் பயிர்த் தோட்டம் அமைத்தது. பின்னர் அவ்வூர் ஐரோப்பிய அதிகாரிகளின் ஓய்விடமாகவும் விளங்கியது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம் மாகாணத்தின் காடுகளை ஒதுக்கப்பட்ட காடுகளாக அறிவிக்க வழிசெய்தது. சிங்கி தம்முடையது என்று பாடிய மலைகளில் தேனும் மூங்கிலும் எடுப்பதற்கு அரசின் இசைவு வேண்டியதாயிற்று.

சென்னை மாகாணக் குறவரைப் பற்றி மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியிட்ட நூல் இவ்வரலாற்றின் பொருளியல் அடிப்படையை விளக்குகிறது. குறவர்களுள் ஒரு பகுதியினர் உப்பும் தானியமும் சுமந்து கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் இடையே வணிகம் செய்தவர்கள். காலனிய அரசின் உப்புக் கொள்கையும் இருப்புப் பாதையும் அவ்வணிகத்தை நலிவித்தன. வனச் சட்டங்கள் மற்றொரு வாழ்வழியை அடைத்தன. தொழில் இழந்து அலைந்தவர்களை அரசு பிறவிக் குற்றவாளிகளாக வகைப்படுத்தியது. உப்புக் குறவர், இஞ்சிக் குறவர் என்னும் பிரிவுப் பெயர்கள் இன்றும் அரசுப் பட்டியலில் காணப்படுகின்றன. இழந்த வணிகத்தின் தடயம் பெயரில் மட்டும் எஞ்சியுள்ளது எனலாம்.

1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரையினர் சட்டம் 1911இல் திருத்தப்பட்டபோது சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. பதிவு, காவல் நிலைய வருகை, ஊர் விட்டுச் செல்ல அனுமதிச் சீட்டு ஆகியன அச்சட்டத்தின் கருவிகள். குடியிருப்புகளை நடத்தும் பொறுப்பு இரட்சணிய சேனை போன்ற அமைப்புகளிடம் ஒப்படைக்கப்பட்டது. குறவரோடு உறவுடைய எருகலர், இன்றைய ஆந்திரப் பகுதியின் ஸ்டூவர்ட்புரத்தில் அவ்வாறு குடியமர்த்தப்பட்டனர்.

இச்சட்டத்தின் பின்புலத்தில் சிங்கன் சிங்கி உரையாடல் வேறு பொருள் கொள்கிறது. ஒரு குறத்தியிடம் நகையைக் காட்டி ‘இது எங்கிருந்து வந்தது’ என்று கேட்கும் உரிமை நூலில் கணவனுக்கு இருந்தது. 20ஆம் நூற்றாண்டில் அவ்வினாவைக் கேட்டவர் காவலர். நூலின் சிங்கி நாடுகளின் பெயரைச் சொல்லி விடையளிக்க முடிந்தது. பதிவு செய்யப்பட்ட குறத்திக்கோ, அந்நாடுகளுக்கு அனுமதியின்றிச் சென்றதே குற்றமாகும்.

3. இரண்டாம் கை: சதிர் மரபில் குறவஞ்சி

குறவஞ்சியை மேடையில் வளர்த்தவர்கள் கோயிலிலும் அரசவையிலும் ஆடிய மகளிரும் அவர்களுக்குக் கற்பித்த நட்டுவனார்களும் ஆவர். இரண்டாம் சரபோஜியைத் தலைவனாகக் கொண்டு கொட்டையூர்ச் சிவக்கொழுந்து தேசிகர் இயற்றிய சரபேந்திர பூபாலக் குறவஞ்சி தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடப்பட்டது. அதே தஞ்சைச் சூழலில் வேதநாயகம் சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சியை இயற்றினார். சைவ, கிறித்தவ, அரசவை மேடைகள் அனைத்தும் குறத்தியை ஏற்றுக்கொண்டன. அம்மேடைகளில் குறத்தியாக நின்றவர் குறவர் சமூகப் பெண் அல்லர் என்பது மூன்றிற்கும் பொது.

ஆயினும் இவ்வாடற்பெண்டிரைக் கலையைக் கவர்ந்தவர்களாக மட்டும் காண்பது பிழையாகும். அவர்களுக்கும் கலை என்பது உரிமையோடு பிணைந்தது. முதலாம் இராசராசன் தஞ்சைக் கோயிலில் குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஒவ்வொருவருக்கும் ஒரு வீடும், ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் பங்காக வழங்கப்பட்டன. பங்கு பெற்றவர் இறந்தால் தகுதியுள்ள உறவினர் அதனைப் பெறலாம் என்றும் கல்வெட்டு விதித்தது. கலை, குடியிருப்பு, வருவாய், மரபுரிமை ஆகிய நான்கும் ஒரே சொல்லில் அடங்கியிருந்தன.

20ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தச் சட்டங்கள் இந்நான்கையும் தனித்தனியே பிரித்தன. 1929இன் சட்டத் திருத்தம் மானிய நிலங்களைக் கோயிற்பணிக் கடப்பாட்டிலிருந்து விடுவித்தது. 1947ஆம் ஆண்டின் 31ஆம் சட்டம் பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்ததோடு, கோயில் வளாகத்திலும் சுவாமி ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் சட்ட விரோதமாக்கியது. இச்சட்டத்திற்கு வித்திட்ட முத்துலட்சுமி ரெட்டியின் தாயார் அக்குலத்தில் பிறந்தவர். சுரண்டலுக்கு எதிராகப் பெரும்போர் தொடுத்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அச்சமூகத்தவரே. எனவே அச்சட்டத்தை வெளியாரின் திணிப்பு என்று ஒதுக்கிவிட இயலாது. சுரண்டலை ஒழித்ததில் அதன் அறம் ஐயத்திற்கு இடமற்றது. ஆனால் கோயில் மேடையை இழந்த பெண்ணுக்கு மாற்று மேடையில் முன்னுரிமை வழங்கும் ஏற்பாடு எதுவும் அச்சட்டத்தில் இடம்பெறவில்லை. அம்ரித் சீனிவாசன் 1985இல் எழுதிய கட்டுரையும், தாவேஷ் சோனேஜியின் 2012ஆம் ஆண்டு நூலும் இவ்விழப்பை விரிவாக விளக்கியுள்ளன.

சென்னை மாகாணத்தில் குற்றப் பரம்பரையினர் சட்டம் நீக்கப்பட்டதும் அதே 1947இல்தான். ஒரே ஆண்டில், ஒரே மாகாணத்தில், குறத்தியாக வாழ்ந்தவளின் நடமாட்டத்தின் மீதிருந்த தடை அகன்றது. குறத்தியாக ஆடியவளின் கோயில் ஆடல் மீது தடை விழுந்தது. மேலும், 1948இல் வழக்கக் குற்றவாளிகள் மீதான கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டதால் முதல் விடுதலையும் முழுமை பெறவில்லை.

4. மூன்றாம் கை: அடையாற்று மேடை

பிரம்மஞான சங்கத்தின் தலைமையகம் 1882இல் அடையாற்றுக்கு மாறியது. அச்சங்கத்தின் சூழலில் வளர்ந்த ருக்மிணி தேவி, ரஷ்ய பாலே கலைஞர் அன்னா பாவ்லோவாவின் நட்பைப் பெற்றவர். பாலே பயிற்சியும் மேற்கொண்டவர். பின்னர்ச் சதிர் பயின்றார். அவருடைய ஆசிரியர்கள் மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் ஆவர். கௌரி அம்மாள் கபாலீசுவரர் கோயிலில் ஆடல்பணி செய்த மரபினர். பாலசரசுவதிக்கும் அபிநயம் கற்பித்தவர். 1935 டிசம்பரில் பிரம்மஞான சங்கத்தின் வைரவிழா மாநாட்டில் ருக்மிணி தேவி ஆடினார். 1936 சனவரியில் பின்னர்க் கலாக்ஷேத்திரா எனப் பெயர்பெற்ற நிறுவனம் தொடங்கப்பட்டது.

இம்மேடை கொண்டுவந்த மாற்றங்கள் நன்கு அறியப்பட்டவை. ஆடுபவரின் பின்னே நின்ற சின்னமேளக் குழுவினர் பக்கவாட்டில் அமர்த்தப்பட்டனர். தைத்த உடை, ஒளியமைப்பு, நடராசர் திருவுருவம் ஆகியன மேடையின் பகுதிகளாயின. சிருங்காரப் பாடல்கள் குறைக்கப்பட்டன. எஞ்சியவை பக்தியாகப் பொருள்கொள்ளப்பட்டன. இவற்றுள் எதுவும் குடியேறிய வெள்ளையர் நேரடியாகத் திணித்தது அன்று. மேலைநாட்டு அரங்கின் ஒழுங்கு, காலனியக் கல்வியால் உருவான ஒழுக்கப் பார்வை, தேசிய மறுமலர்ச்சி வேட்கை ஆகியவை ஒரு புதிய நகர வகுப்பின் வழியே ஒன்றிணைந்ததன் விளைவு அது. இதற்கு மாற்றாகப் பாலசரசுவதி சிருங்காரத்தையும் இசையோடு இணைந்த அபிநயத்தையும் விட்டுக்கொடுக்காமல் ஆடி வந்தார். 1975இல் தமிழிசைச் சங்க மாநாட்டில் அவர் ஆற்றிய உரை, இக்கலைக்கு வெளியிலிருந்து தூய்மை சேர்க்க வேண்டியதில்லை என்னும் நிலைப்பாட்டை உறுதிப்படுத்தியது.

கலாக்ஷேத்திராவின் முதல் நாட்டிய நாடகமாக 1944இல் குற்றாலக் குறவஞ்சி தேர்ந்தெடுக்கப்பட்டது. இத்தேர்வு பொருள்பொதிந்தது. தூய்மைப்படுத்தப்பட்ட பரதத்தில் தனிநடனமாக ஆடுவதற்குத் தயங்கப்பட்ட பல கூறுகள் குறவஞ்சியில் உள்ளன. வெளிப்படையான காமம், கணவன் மனைவியரின் ஊடல், கேலிப் பேச்சு, துள்ளல் நடை ஆகியவை அத்தகையன. வசந்தவல்லியின் காதல் குற்றாலநாதர் மீதானது என்பதால் பக்தியாக ஏற்கப்பட்டது. சிங்கன் சிங்கியரின் காமம் மலைமக்களின் வெள்ளந்தித்தனமாக ஏற்கப்பட்டது. ஆடும் பெண்ணின் உடலிலிருந்து அகற்றப்பட்ட சிருங்காரம் குறத்தியின் உடலுக்கு இடம்மாற்றப்பட்டது எனக் கருத இடமுண்டு. குறவஞ்சியின் வளர்ச்சியை ஆராய்ந்த இந்திரா விசுவநாதன் பீட்டர்சன், பரதநாட்டிய நெறியினுள் நாட்டாரியல், செவ்வியல் என்னும் வரையறைகள் பேரம் பேசப்பட்ட களமாக இதனைக் காண்கிறார். அப்பேரத்தில் நாட்டார் தரப்பில் பேசுவதற்கு யார் இருந்தனர் என்னும் வினாவையும் இணைத்துக்கொள்ளுதல் தேவை.

குறத்தி வேடம் பின்னர் முழு நாடகத்திலிருந்து பிரிந்து தனி உருப்படியாகவும் பரவியது. கையில் கோல், இடுப்பில் கூடை, கழுத்தில் பாசிமணி, கணுக்காலுக்கு மேல் கட்டிய சேலை என்பன அதன் அடையாளங்கள். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் உள்ள நடனப் பள்ளிகளின் ஆண்டு விழாக்களில் சிறுமியர் ஆடும் குறத்தி நடனம் பழக்கப்பட்ட காட்சி. இவ்வேடத்தில் வெவ்வேறு மக்கள் ஒன்றாகக் கலந்துள்ளனர். பாசிமணி விற்பனை இன்று பெரிதும் நரிக்குறவரோடு இணைத்து அறியப்படுகிறது. அவர்கள் பேசும் வாக்ரிபோலி இந்தோ-ஆரிய மொழி. குறவரிடமிருந்து அவர்கள் வேறுபட்டவர்கள். அரசுப் பட்டியலிலோ குறவர் பிரிவினர் சிலர் பட்டியல் சாதியினராகவும், மலைக்குறவர் பட்டியல் பழங்குடியினராகவும், வேறு பலர் சீர்மரபினராகவும் சிதறிக் கிடக்கின்றனர். நரிக்குறவர் பழங்குடிப் பட்டியலில் சேர்வதற்கான சட்டத் திருத்தம் 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. உரிமை வழங்கும் பட்டியலில் பல துண்டுகளாகப் பிரிந்தவர்கள், அழகு வழங்கும் மேடையில் ஒரே உருவமாக உறைந்துள்ளனர்.

5. கோட்பாட்டின் பொருத்தமும் எல்லையும்

பாட்ரிக் வுல்ப் 2006இல் வெளியிட்ட கட்டுரையில், குடியேற்றக் காலனியத்தின் ஊடுருவல் ஒருமுறை நிகழ்ந்து முடியும் நிகழ்வன்று, நீடிக்கும் கட்டமைப்பு என விளக்கினார். மண்ணின் மக்களை அகற்றி நிலத்தைக் கைக்கொள்வது அதன் இலக்கு. பிலிப் டெலோரியா 1998ஆம் ஆண்டு நூலில், அமெரிக்க வெள்ளையர் செவ்விந்தியர் வேடமிட்டு ஆடியதன் வரலாற்றை ஆராய்ந்தார். செவ்விந்தியரை அகற்றிய சமூகமே அவர்களின் உருவை அணிந்து தன்னை அம்மண்ணுக்கு உரியதாக்கிக் கொண்டது என்பது அவர் காட்டும் முரண். கனடாவில் 1885 முதல் 1951 வரை மேற்குக் கடற்கரைத் தொல்குடிகளின் பொட்லாட்ச் சடங்கு தடைசெய்யப்பட்டிருந்தது. அச்சடங்கின் முகமூடிகளோ அருங்காட்சியகங்களில் சேர்க்கப்பட்டன.

சடங்கு தடைசெய்யப்பட, அதன் வடிவம் போற்றப்படும் இம்முறைமை தமிழ்ச் சூழலிலும் புலப்படுகிறது. எனினும் இரு வேறுபாடுகள் முக்கியமானவை. முதலாவது, சென்னை மாகாணம் குடியேற்ற நாடன்று. மேடையில் குறத்தி வேடம் பூண்டவர்கள் வெளியிலிருந்து குடியேறியவர்களும் அல்லர். குறிஞ்சியும் முருகனும் வள்ளியும் அவர்களுக்கும் பொதுவான பண்பாட்டு நினைவுகள். இரண்டாவது, இங்கு உரிமையிழப்பு அடுக்குகளாக நிகழ்ந்தது. குறவரின் உருவைச் சதிர் மரபு எடுத்தாண்டது. சதிர் மரபின் கலையை நகர மேடை எடுத்தாண்டது. ஓர் அடுக்கில் எடுத்தவர் அடுத்த அடுக்கில் இழந்தவர். ‘குடியேறியவர் எதிர் மண்ணின் மக்கள்’ என்னும் இருமையை அப்படியே பொருத்தினால் சாதியால் அமைந்த இவ்வடுக்குமுறை மறைந்துவிடும். ஆகவே அக்கோட்பாட்டிலிருந்து வினாவை மட்டும் பெற்றுக்கொள்வதே தகும். ஒரு மக்களின் உருவம் புகழ்பெறும்போது அம்மக்களின் உரிமை என்னவாகிறது என்பதே அவ்வினா.

இதற்கு இரு மறுப்புகள் எழக்கூடும். குறவஞ்சிக் குறத்தி இலக்கிய மரபில் பிறந்த கற்பனை மாந்தர் என்பது ஒன்று. கற்பனை மாந்தரேயாயினும், அப்பெயரைக் கொண்டே ஒரு சமூகம் பட்டியலிடப்பட்டது. அப்பெயரைச் சுட்டியே இன்றும் இழிவு செய்யப்படுகிறது. பெயர் பொதுவாக இருக்கும்வரை மேடைக்குப் பொறுப்பும் உண்டு. குறத்தியைக் குறவஞ்சி உயர்வாகவே காட்டுகிறது என்பது மற்றொன்று. இது பெருமளவு உண்மை. தலைவியின் துயரைத் தீர்க்கும் அறிவு சிங்கியிடமே உள்ளது. அவ்வுயர்வை நூலில் நிலைநாட்டும் மலையுரிமையும் ஊதியக் கணக்கும் மேடையில் வெறும் அழகாகவும் நகையாகவும் சுருங்கும்போது அவளது தகுதியும் சுருங்குகிறது என்பதே இங்கு முன்வைக்கப்படும் திறனாய்வு. அடையாற்று முயற்சி குற்றாலக் குறவஞ்சியை நகர அவையோர் அறியச் செய்தது என்னும் உண்மையை இத்திறனாய்வு மறுக்கவில்லை.

6. தடையா, ஒப்புகையா?

கிராமத் திருவிழாக்களில் ஆடப்பட்ட குறவன் குறத்தி ஆட்டம் தம் சமூகத்தை ஆபாசமாகச் சித்திரிக்கிறது என்பது குறவர் தரப்பின் நீண்டநாள் முறையீடு. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் தொடரப்பட்ட வழக்கையடுத்து, 2023இல் தமிழ்நாடு அரசு அவ்வாட்டத்தை நாட்டுப்புறக் கலைகளின் பட்டியலிலிருந்து நீக்கித் தடைசெய்தது. சித்திரிக்கப்பட்டவர்களின் குரலுக்கு அரசு செவிசாய்த்தது என்ற வகையில் இது குறிப்பிடத்தக்க முடிவு.

ஆனால் இம்முடிவு பாதிக்கும் இடத்தையும் நோக்க வேண்டும். திருவிழா மேடையில் ஆடிப் பிழைத்த எளிய கலைஞர்கள் வருவாயை இழக்கின்றனர். சபா மேடையின் குறத்தி குறித்து எவ்வினாவும் எழவில்லை. 1947இன் அனுபவம் இங்கு எச்சரிக்கையாக அமைகிறது. கண்ணியம் கருதி விதிக்கப்படும் தடை, வலுவற்ற கலைஞரின் மேடையை மூடிவிட்டு, வலுவுள்ளவர் கையில் அதே வடிவம் தொடர்வதைத் தடுக்காமல் விட்டுவிடக்கூடும்.

இந்தியச் சட்டத்தில் மாற்று வழிகள் குறைவு. 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் பொருள்களுக்கு மட்டுமே உரியது. நரசிங்கம்பேட்டை நாதசுவரம் 2022இல் அக்குறியீட்டைப் பெற்றது. அதில் இசைக்கப்படும் மல்லாரியைக் காத்த குலங்களுக்கு அத்தகைய குறியீடு இல்லை. பதிப்புரிமைச் சட்டம் தனி ஆசிரியரையும் தனி நிகழ்த்துநரையும் மட்டுமே அறியும். ஒரு சமூகத்தின் கூட்டு மரபை அறியாது. 2007இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற தொல்குடி மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனத்தின் 31ஆம் பிரிவு, மரபுசார் பண்பாட்டு வெளிப்பாடுகளின் மீது அம்மக்களுக்குள்ள உரிமையை வலியுறுத்துகிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்த போதிலும், அப்பிரிவுக்கு இணையான சட்டம் உள்நாட்டில் உருவாகவில்லை.

குடியேற்ற நாடுகளில் நிகழ்ந்த போராட்டங்கள் இரு முன்மாதிரிகளை வழங்கியுள்ளன. ஆஸ்திரேலியாவில் 1998இல் புலுன் புலுன் வழக்கில், ஒரு தொல்குடி ஓவியர் தம் பதிப்புரிமையைப் பயன்படுத்தும்போது தம் குலத்தின் நலனுக்குக் கடப்பாடு உடையவர் என்று நீதிமன்றம் ஏற்றது. நியூசிலாந்தில் 2014இல் இயற்றப்பட்ட சட்டமோ நிகழ்த்துகலை பற்றியது. ‘கா மாட்டே’ என்னும் ஹாக்கா ஆட்டத்தை வணிக நோக்கில் வெளியிடுவோர், அதனை இயற்றிய தே ராவ்பராஹாவையும் அவரது நாட்டி தோவா குலத்தையும் குறிப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். ஆட்டத்திற்குத் தடை இல்லை, கட்டணமும் இல்லை. பெயர் சொல்லும் கடமை மட்டுமே உண்டு.

குறவஞ்சிக்கு ஒரே ஒரு குலத்தை உரிமையாளராகச் சுட்ட இயலாது. கவிராயர், நட்டுவனார், ஆடற்பெண்டிர், குறவர் என நால்வகையினரின் பங்கு அதில் உள்ளது. ஆயினும் ஒப்புகை என்னும் நெறி பொருந்தும். நிகழ்ச்சிக் குறிப்பில் பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களோடு, அவ்வாடலைக் காத்தளித்த குலமரபின் பெயர் இடம்பெறலாம். தஞ்சை நால்வரின் ஆக்கங்களை அவர்தம் வழித்தோன்றல்களே ‘பொன்னையா மணிமாலை’ எனத் தொகுத்தளித்தமையால் இதற்கான ஆதாரம் நூல்வடிவிலேயே உள்ளது. ஆடல்மகளிரின் வரலாறுகளைத் திரட்டிய பி.எம். சுந்தரத்தின் ‘மரபு தந்த மாணிக்கங்கள்’ மற்றோர் ஆதாரம். குறவரைப் பொறுத்தவரை, வேடத்தின் உடையும் சைகையும் எவரைச் சுட்டுகின்றன என்னும் தெளிவும், அச்சமூக அமைப்புகளோடு கலந்தாய்வும் முதற்படியாகலாம். நடனப் பாடத்திட்டத்தில் குறவஞ்சி கற்பிக்கப்படும்போது 1911ஆம் ஆண்டுச் சட்டமும் உடன் கற்பிக்கப்படுவது இரண்டாம் படியாகும்.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன.

குற்றாலக் குறவஞ்சியில் சிங்கியின் மலைவளமும் அணிகலன் உரையாடலும் வாழிட உரிமையையும் தொழில் ஊதியத்தையும் பதிவு செய்யும் பகுதிகளாகும். அவற்றை அழகியல் நோக்கில் மட்டும் காண்பது நூலின் பொருளைக் குறைக்கிறது.

நூல் பாராட்டிய அலைந்து திரியும் வாழ்வைக் காலனியச் சட்டம் குற்றமாக்கியது. அச்சட்டம் நடைமுறையில் இருந்த 1944இலேயே குறத்தி அடையாற்றில் செவ்வியல் மேடையேறினாள். இரு நிகழ்வுகளையும் இணைத்துப் படித்தல் தமிழ் நாட்டிய வரலாற்றுக்கு இன்றியமையாதது.

குறத்தி உருவமும் சதிர்க் கலையும் அடுக்கடுக்காகக் கைமாறியுள்ளன. குடியேற்றக் காலனியக் கோட்பாடு அவ்விழப்பைக் காண உதவுகிறது. சாதி அடுக்குமுறையை விளக்க அது போதாது.

தடை, வலுவற்ற கலைஞரையே முதலில் தாக்கும் என்பதை 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்விளைவு உணர்த்துகிறது. ஒப்புகை உரிமை, கலையை நிறுத்தாமல் அதன் உரியோரை நினைவூட்டும் வழியாகும்.

கலாக்ஷேத்திராவின் 1944ஆம் ஆண்டு மேடையாக்கத்தின் இசைக்குறிப்புகள், உடை வடிவமைப்பு, நிகழ்ச்சிக் குறிப்புகள் ஆகியவற்றை, அக்காலத்துக் குறவர் குடியிருப்புகளின் அரசு ஆவணங்களோடு வைத்து ஒப்பிடுவது இத்துறையில் அடுத்து மேற்கொள்ளத்தக்க ஆய்வாகும். அவ்வாய்வில் குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முதன்மை இடம்பெறுவது இக்கட்டுரை எழுப்பிய வினாவுக்கு உரிய விடைகளுள் ஒன்றாக அமையும்.